குடலடைப்பும் குடலேற்றமும் : ஒரு நோய்ப்பெயரின் பொருளும் தோற்றமும்

மருத்துவக் கலைச்சொற்கள் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஒரே வினாவையே எழுப்பி வந்துள்ளன. ஒரு சொல் தமிழா, வடமொழியா, அன்றி ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பா என்பதே அவ்வினா. சொல்லின் குலமும் கோத்திரமும் பற்றிய இவ்விசாரணை பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஆயினும், ஒரு சொல் யாருடைய வாயிற் பிறக்கின்றது, யாருடைய செவியில் விழுகின்றது, விழுந்தபின் என்ன நடைபெறுகின்றது என்னும் வினாக்கள் அதனினும் முதன்மையானவை. குடலில் உண்டாகும் அடைப்பைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்நோயைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. முறுக்குண்டோ நெரியுண்டோ இரத்தவோட்டத்தை இழந்த குடல் சில மணித்தியாலங்களில் அழுகத் தொடங்கிவிடும். நோய்க்குப் பெயரிடுவதில் நேரும் மயக்கம் அந்த மணித்தியாலங்களைத் தின்றுவிடக்கூடும். சொல்லாராய்ச்சி ஓர் உயிருடன் நேரே தொடர்புறும் இடங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

ஆய்வுக்குரிய களமாக நாம் மனத்திற் கொண்டிருப்பது சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டப்பகுதியை, குறிப்பாகத் தெஹியோவிட்டைச் சூழலை. கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து கரவனெல்லை, யட்டியாந்தோட்டை வழியாக ஹற்றனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அமைந்தது தெஹியோவிட்ட. இறப்பரும் தேயிலையும் கலந்த தோட்டங்களைக் கொண்ட பகுதி அது. நுவரெலியா மாவட்டத்தைப் போன்று தமிழர் செறிந்து வாழும் மலைப்பிரதேசமன்று. சிங்களக் கிராமங்களுக்கிடையே லயங்கள் சிதறிக் கிடக்கின்றன. கல்வி நிருவாகத்தில் தெஹியோவிட்ட ஒரு வலயத்தின் பெயர்; அவ்வலயத்திலே தமிழ்ப் பாடசாலைகளும் உள்ளன. ஆனால் பாடசாலைக்கு வெளியே, ஆஸ்பத்திரியிலும் பொலிசு நிலையத்திலும் கந்தோரிலும், தமிழ்ச் சொல் ஒன்று மற்றொரு மொழியைக் கடந்தே தன் காரியத்தை முடிக்கவேண்டியுள்ளது. நாம் பேசப்போகும் சொல்லின் தலைவிதி இதனாலேயே இங்கு பிற இடங்களைவிடத் தெளிவாகத் தெரிகின்றது.

முதலில், உலக மருத்துவ வழக்கில் நிலைபெற்ற பெயரை நோக்குவோம். 'இலியசு' என்று இன்று வழங்குவது கிரேக்க மொழியின் 'எய்லெயோஸ்' என்பதிலிருந்து வந்தது. ஹிப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் இந்நோய் பேசப்படுகின்றது. துருத்திகொண்டு கீழ்வழியாகக் குடலுள் காற்றூதுமாறு அங்கே ஒரு சிகிச்சையுங் கூறப்படுகின்றது. சொல்லின் வேர் பற்றி இரு விளக்கங்களுக்கு இடமுண்டு. கிரேக்கத்தில் ஏறக்குறைய ஒரே ஒலியுடைய இரு வினைகள் உள. ஒன்று சுருட்டுதல், முறுக்குதல் என்னும் பொருளது. மற்றையது நெருக்குதல், உள்ளே அடைத்தல் என்னும் பொருளது. முன்னதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. ஆனால் முறுக்கும் அடைப்பும் என்னும் இரு கருத்துக்களும் இந்நோய்ப்பெயரைத் தொடக்கத்திலிருந்தே பற்றி நின்றன என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதிக்கு வழங்கும் 'இலியம்' என்னும் பெயரும் இக்குடும்பத்ததே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிற் பயிலும் 'சுருட்குடல்' என்னுஞ் சொல், கிரேக்க வேரின் உயிர்ப்பொருளை எவ்வகை ஆரவாரமுமின்றித் தமிழிற் கொணர்ந்துவிட்டது. அதை ஆக்கியோரை நாம் மனமாரப் பாராட்டலாம். (இடுப்பெலும்பின் பெயராகிய இலியம் வேறு, அது விலாப்புறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஐரோப்பிய மருத்துவரே நெடுங்காலம் குழப்பினர். ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு கிரேக்கச் சொற்களுக்கெல்லாந் தமிழ் வேர் காண முற்படுவோர் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.)

இந்நோய்க்கு ஐரோப்பாவில் மற்றொரு பெயரும் இருந்தது. 'மிசெரெரே' என்பது அது. இரக்கம் வேண்டி இறைவனை விளிக்கும் இலத்தீன் சங்கீதத்தின் முதற்சொல்லையே நோயின் பெயராக்கிவிட்டனர். நோயின் காரணமும் இடமும் இதில் இல்லை. மருத்துவன் கைவிட்டான், இனி மன்றாட்டுத்தான் என்னும் செய்தி மட்டுமே இதில் உண்டு. ஒரு நோய்ப்பெயர் அக்கால மருத்துவத்தின் இயலாமையை இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே.

வடமொழி மருத்துவ நூல்கள் இந்நோயை வேறு வழியில் அணுகின. சரகரும் சுசுருதரும் கூறும் எண்வகை உதரநோய்களுள் 'பத்தகுதம்' ஒன்று. பத்தம் என்பது கட்டுண்டது. குதம் என்பது மலவாயில். உணவோடு சென்ற மயிர் முதலியவற்றால் வழி கட்டுண்டு, மலமும் காற்றும் வெளிப்படாது வயிறு பருக்கும் என்பது விளக்கம். இங்கே பெயர் அடைப்பையே சுட்டுகின்றது. சுசுருத சங்கிதை இதற்குச் சத்திரசிகிச்சையும் விதிக்கின்றது: கொப்பூழின் கீழ் இடப்புறமாக வயிற்றைத் திறந்து, குடலை வெளியிலெடுத்து, அடைத்திருக்கும் பொருளை நீக்கி, தேனும் நெய்யும் பூசி உள்ளே வைத்துத் தைக்கவேண்டும். குடல் துளைபட்டிருப்பின் கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளியெறிந்து, தலைகளையே தையலாகக் கொள்ளவேண்டும் என்பது அதனையடுத்து வரும் விதி. ஈழத்து மரபிலும் இதன் எதிரொலி உண்டு. வயிற்றுநோயால் வருந்திய நாகமொன்றின் வயிற்றைக் கீறிப் புத்ததாச மன்னன் நோய் தீர்த்ததாகச் சூளவம்சம் கதை கூறும். கதை கதையாகவே இருக்கட்டும். வயிற்றைத் திறக்கலாம் என்ற எண்ணம் இத்தீவிற் பேசப்பட்டிருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இதனோடு வைத்து நோக்கவேண்டிய மற்றொரு பெயர் 'உதாவர்த்தம்'. மேல்நோக்கித் திரும்புதல் என்பது இதன் பொருள். கழிவைக் கீழே தள்ளுவது அபானவாயுவின் தொழில்; தமிழ்ச் சித்தர் வழக்கில் அது கீழ்நோக்குங்கால். அது தடைப்பட்டு மேலெழுந்தால் வயிறு ஊதும், வலிக்கும், வாந்தி எடுக்கும் என்பது கோட்பாடு. வாயுக் கோட்பாட்டை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் கோட்பாட்டின் பின்னால் நின்ற அவதானம் பிழையானதன்று. கீழ்வழி அடைபட்டவிடத்து உள்ளிருப்பது மேல்வழியால் வெளிவருதல், முற்றிய நிலையில் வாந்தியே மலநாற்றங் கொள்ளுதல் ஆகியவை இந்நோயின் மெய்யான குறிகள். பெயரிட்டவர் நோயாளியின் அருகிலிருந்து பார்த்தே பெயரிட்டிருக்கிறார்.

இனித் தமிழ் மக்களின் வழக்குக்கு வருவோம். தோட்டங்களுக்கு ஆள்கட்டப்பட்டு வந்தோரின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் கிராமத்தவர். அவர்கள் தாய்நிலத்துக் கிராமங்களில் 'குடலேற்றம்' என்ற சொல் இன்றும் உயிருடன் உள்ளது. குழந்தை பால் மறுத்து, கக்கி, வயிறு பொருமிக் கிடந்தால் குடல் ஏறிக்கொண்டது என்பர். கைராசியுள்ள ஒரு மூதாட்டி விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடுவாள்; குடல் தட்டுதல் என்பது அவ்வைத்தியத்தின் பெயர்களுள் ஒன்று. இச்சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கூர்ந்து நோக்கின், ஏற்றம் என்பது உதாவர்த்தம் என்பதன் கருத்தே. நூல் கற்றோர் காற்று மேலேறியது என்றனர்; நூல் கல்லாதோர் குடலே மேலேறியது என்றனர். எது எதிலிருந்து வந்தது என்ற வழக்கை இங்கு தொடுக்கவேண்டியதில்லை. வாந்தியெடுக்கும் குழந்தையை மடியிற் கிடத்தியிருக்கும் எவர்க்கும் இவ்வுருவகம் தானே தோன்றக்கூடியது. அதுபோலவே 'குடல் முறுக்கு' என்பதும் கிரேக்கத்திலிருந்து கடன்வாங்கப்பட்டதன்று. வயிற்றைப் பிடித்து முறுக்குவதுபோல் விட்டு விட்டு வரும் வலியே அப்பெயரை இரு மொழிகளிலும் ஈன்றது. சிங்கள மக்கள் குடலைப் 'படவெல்' என்பர்: வயிற்றுக்கொடி என்பது சொற்பொருள். கொடி சிக்குண்ணும், முறுக்குண்ணும். தமிழிலும் 'மலச்சிக்கல்' என்ற சொல்லில் அச்சிக்கல் உள்ளது.

ஏற்றத்தின் எதிர்ச்சொல்லையும் காணவேண்டும். குடல் அடிவயிற்றுச் சுவரின் நலிந்த இடத்தினூடாகப் பிதுங்குவதைக் 'குடலிறக்கம்' என்கிறோம். பாரஞ்சுமப்போரிடத்து இது அரிதன்று. இறங்கிய குடல் நெரிபட்டு மீளமுடியாது போவது குடலடைப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்று. ஆகவே மக்கள் வழக்கில் நேரெதிராகத் தோன்றும் ஏற்றமும் இறக்கமும் சத்திரசிகிச்சை மேசையில் ஒரே நோயாகச் சந்திக்கக்கூடியவை. இந்தத் தொடர்பைக் காட்டும் சொல் மக்களிடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் இறங்கி ஏறிக்கொண்டிருந்த வீக்கம் ஒருநாள் ஏறாது நின்றுவிட்டால், அதை முன்னைய நோயின் தொடர்ச்சியாகவே கொள்வரன்றிப் புதிய ஆபத்தாகக் கொள்ளார்.

இவ்விடத்தில், மருத்துவத் தமிழின் முன்னோடியாகிய சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணியை மதிப்பிடாது செல்லவியலாது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்திய அமெரிக்க மிஷனரி மருத்துவர் அவர். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும் வெளிவந்தன. கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பாடசாலை தொடங்கியது 1870இல் என்பதை நினைத்தால், அவர் செய்தது எத்துணைப் பெரிய காரியம் என்பது விளங்கும். அம்பி 1967இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' அவரை நம் தலைமுறைக்கு மீட்டுத்தந்தது. ஆனால் கிறீனைப் போற்றுவோர் அவருடைய சொற்கள் எவர்க்காக ஆக்கப்பட்டவை என்று கேட்பதில்லை. அங்காதிபாதம், சுகரணம், இரணவைத்தியம் என்பன யாழ்ப்பாணத்துக் கற்றோரின் வடமொழி கலந்த நடைக்கு இசைந்தவை. அவை நூலைத் திறப்போனுக்கு உரியன, நோயாளிக்கு உரியனவல்ல. பின்வந்தோர் வடமொழியை நீக்கி உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று ஆக்கினர். சொல்லின் நிறம் மாறிற்று. செல்லும் திசை மாறவில்லை. ஆங்கில நூலிலிருந்து தமிழ் நூலுக்கு என்பதே அத்திசை. லயத்திலிருந்து நூலுக்கு வரும் வழி திறக்கப்படவேயில்லை.

1872 என்னும் ஆண்டு இன்னொரு வகையிலும் குறிக்கத்தக்கது. கிறீனின் இருபெரும் நூல்கள் மானிப்பாயிலிருந்து வெளிப்போந்த அதே ஆண்டில், கோப்பித் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி வழங்குதல் பற்றிய முதற் சட்டம் கொழும்பில் நிறைவேறியது. ஒரே ஆண்டில் தமிழில் மருத்துவமும் தமிழ்த் தொழிலாளிக்கு மருத்துவமும் தோன்றின. இரண்டும் ஒன்றையொன்று காணவில்லை. தோட்ட மருத்துவம் துரைத்தனத்தின் நிருவாகப் பிரிவாகவே வளர்ந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. கொளுக்கிப்புழு இரத்தச்சோகையைத் தந்து உழைப்பைக் குறைக்கும். ஆதலின் அது கணக்கேட்டில் நட்டமாகத் தெரிந்தது. குடலை அடைத்துக் குழந்தையைக் கொல்லும் வட்டப்புழு அவ்வாறு தெரிந்திருக்க நியாயமில்லை.

வட்டப்புழுவை இங்கு சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். நாக்குப்பூச்சி என்று மக்கள் கூறுவது இதனையே. 15 முதல் 35 சென்ரிமீற்றர் வரை நீளும் இப்புழுவின் பெண் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் முட்டைகளை இடும். முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் நீண்டகாலம் உயிர்த்திருக்கும். மழை ஓயாத களனிப் பள்ளத்தாக்கும், மரநிழல் விழும் இறப்பர்க் காடும், மலசலகூடம் போதாத லயமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் இதற்கு வேறென்ன வேண்டும்? குழந்தையின் குடலில் புழுக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தால் கயிற்றுப் பந்துபோற் பின்னிக்கொண்டு, பெரும்பாலும் சுருட்குடலின் ஒடுங்கிய கடைப்பகுதியை அடைத்துவிடும். வறிய நாடுகளின் குழந்தைகளிடையே குடலடைப்புக்கு இது நன்கறியப்பட்ட காரணம். 1990களிலிருந்து தோட்டப் பாடசாலைகளில் நடைபெற்றுவந்த பூச்சிமருந்துத் திட்டம் இதன் கடுமையைத் தணித்தது. எனினும், மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி மண்ணைத் திருத்தாது.

இத்தகைய குழந்தை ஒன்றைத் தெஹியோவிட்டைத் தோட்டமொன்றின் தாய் தூக்கிவருவதாகக் கொள்வோம். அவள் மனத்தில் உள்ள சொல் குடலேற்றம். அச்சொல் முதலில் அவளை உருவிவிடும் மூதாட்டியிடம் அனுப்பும். சாதாரணப் பொருமலாயின் அது தானே தணியும். தணிந்தமையால் வைத்தியத்தின் மீது நம்பிக்கை பெருகும். மெய்யான அடைப்பாயின், நோகும் வயிற்றைப் பிசைவது தீங்கையே தரும். அடுத்தது தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே சொல் 'வயித்துவலி' ஆகச் சுருங்கும். பூச்சி என்று ஐயுற்றுப் பூச்சிமருந்தும் கொடுக்கப்படலாம். குடல் முற்றாக அடைபட்ட நிலையில் அம்மருந்து உயிரிழந்த புழுத்திரளால் அடைப்பை இறுக்கிவிடக்கூடும் என்பதால் அது அவ்வேளையில் தவிர்க்கப்படவேண்டியது. மூன்றாவது அரசாங்க வைத்தியசாலை. வைத்தியர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர், ஆங்கிலத்திற் கற்றவர். தாய் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'படெ அமாருவ' என்பாள். வயிற்று உபாதை என்பதற்கு மேல் அத்தொடர் எதையுங் கூறாது. குடலேற்றத்தில் இருந்த வாந்தியும் பொருமலும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தினால் அரசகரும மொழியாயிற்று. அந்த ஏற்பாடு இத்தாயின் வாய்க்கும் அவ்வைத்தியரின் செவிக்கும் இடையிலுள்ள ஒரு முழ இடைவெளியை இன்னும் கடக்கவில்லை.

இனிக் கலைச்சொல்லாக்கத்தின் மீதான நமது தலையாய குறையைக் கூறலாம். 'குடலடைப்பு' என்ற சொல் எளிமையானது, தூய தமிழ், எவர்க்கும் விளங்குவது. ஆயினும் இன்றைய மருத்துவம் தெளிவாகப் பிரித்துக்காணும் இரு நிலைகளை இவ்வொரு சொல்லால் வழங்கிவிடும் வழக்கம் தமிழில் உண்டு. ஒன்று, புழுவோ முறுக்கோ இறக்கமோ கட்டியோ வழியை மறித்து நிற்பது. மற்றையது, வழியில் மறிப்பு எதுவுமின்றிக் குடலின் அசைவே நின்றுபோவது. வயிற்றறைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும், வயிற்றறை அழற்சியிலும், இரத்தத்திற் பொற்றாசியம் குறைந்தவிடத்தும் இது நேரும். 'இலியசு' என்ற பழம்பெயரை இன்றைய மருத்துவர் பெரிதும் இவ்விரண்டாவது நிலைக்கே வழங்குகின்றனர். முறுக்கு என்னும் பொருளிற் பிறந்த சொல் முறுக்கே இல்லாத நோய்க்கு உரித்தாகிவிட்டது. சொற்களின் வரலாற்றில் இத்தகைய விளையாட்டுகள் உண்டு. முதல் நிலையில் வலி அலையலையாக வரும். செவிகுழலை வயிற்றில் வைத்தால் குடல் போராடும் ஓசை கேட்கும். இரண்டாவதில் வயிறு மௌனமாகக் கிடக்கும். முதலாவதற்குக் கத்தி தேவைப்படக்கூடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மூக்குவழிக் குழாயால் உள்ளிருப்பதை உறிஞ்சி, உப்புநீர் ஏற்றிக் காத்திருத்தல் இரண்டிலும் உதவும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் வங்கென்ஸ்ரீன் பரப்பிய முறை அது. அடைப்பு இல்லாத நோயை அடைப்பு என்று பெயரிட்ட சொற்றொகுதி மாணவனைப் பிழையான வழியில் நிறுத்துகின்றது. குடலடைப்பு என்பதை மறிப்பு உள்ள நிலைக்கே உரித்தாக்கி, மற்றையதைக் 'குடலசைவிழப்பு' என வழங்குவதே தகும் என்பது நமது கருத்து. பத்தகுதம், உதாவர்த்தம் என இரு பெயர் வைத்திருந்த பழைய நூலார்கூட ஒன்றால் மற்றொன்றை விழுங்கவைக்கவில்லை.

ஆனால் இத்திருத்தம் மாணவனுக்கும் வைத்தியனுக்குமே பயன்படும். தாயின் சொல்லை என் செய்வது? இதற்கு 'மாரடைப்பு' என்ற சொல்லின் வரலாறு ஒரு பாடம். அது நூலோரின் சொல்லாக நின்றுவிடவில்லை. படித்தவரும் படியாதவரும் அதைக் கேட்டவுடன் வாகனந் தேடி ஓடுகின்றனர். அவசரம் என்பது அதன் பொருளின் பகுதியாகிவிட்டது. குடலடைப்பு அதே அச்சில் வார்க்கப்பட்ட சொல்லாயினும் அந்த அவசரத்தைப் பெறவில்லை. காரணம், அவ்விடத்தில் ஏற்கனவே குடலேற்றம் அமர்ந்திருக்கின்றது. குடலேற்றமோ வீட்டோடு தீரும் நோய். குடலேற்றத்தை விரட்டிவிட்டு அங்கே குடலடைப்பை அமர்த்த முயல்வது தோல்வியிலேயே முடியும். அதைவிட, குடலேற்றம் என்ற சொல்லைச் சுகாதாரப் பிரசுரங்களும் பாடநூல்களும் ஏற்று, அதற்குள்ளேயே ஒரு பிரிவினைச் செய்தல் நன்று: காற்றுப் பிரிகின்ற குடலேற்றம், காற்றுப் பிரியாத குடலேற்றம். மலமும் காற்றும் முற்றாக நின்றுபோதல், பச்சை நிற வாந்தி, ஊதிய வயிறு, அலையலையான வலி என்னும் நான்கும் கூடியது இரண்டாவது. அதை உருவக்கூடாது, நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

இதில் ஓர் இடையூறும் உண்டு. நோயைக் காட்டிக்கொடுக்கும் குறிகளுள் முதன்மையானது, நமது நாகரிகம் வாய்திறந்து கூறத் தயங்கும் ஒன்று. அகராதிகளே அதனை அபானவாயு என்று வடமொழித் திரையிட்டுக் கூறுகின்றன. அறியாத ஓர் ஆண் வைத்தியர் முன், அறியாத மொழியில், ஒரு தோட்டத்துப் பெண் அதனைத் தானாகவே கூறுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கேட்கவேண்டியவர் வைத்தியரே, கேட்பதற்கு அவர்க்குத் தமிழில் ஒரு தொடர் வேண்டும். 'காத்துப் பிரியுதா?' என்பது போதும். கரவனெல்லை, அவிசாவளை வைத்தியசாலைகளுக்குத் தோட்ட நோயாளிகள் செல்லும் ஒரு பிரதேசத்தில், வைத்தியர்க்கும் தாதியர்க்கும் உரிய சிங்கள–தமிழ்ச் சொற்றொகுதி ஒன்று ஆக்கப்படுமாயின், 'படவெல் அவஹிரய' என்பதன் எதிரே குடலடைப்பு என்று மட்டும் எழுதி அப்பாற் செல்லாது, குடலேற்றம், குடல் முறுக்கு, வயித்துப் பொருமல் என்ற மூன்றையும் அதன் கீழ் இட்டு, அந்தக் கேள்வியைச் சிங்கள எழுத்திலும் அச்சிடுதல் வேண்டும்.